மீனோடு போகும் கடதாசி

கடந்த செமஸ்டரில் எங்களுக்கு ஒரு ஒப்படை தந்தார்கள். "ஏதாவது ஓர் ஆவணத்தைத் தெரிவுசெய்து அதன் வரலாற்றை எழுதுக." அவ்வளவுதான். ஆளாளுக்கு காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், யுத்தகாலத்து பாஸ் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். எங்கட பட்ச்சில் ஒருத்தன் மட்டும் "மீனுக்கும் சேர்ட்டிபிகட் இருக்கு, தெரியுமா?" என்று கேட்டான். அவன்ட அப்பா வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருந்து பலநாள் படகில் தொழிலுக்குப் போகிறவர். முதலில் சிரித்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை நாலு பேராக பஸ் ஏறிப் போய் அவரைச் சந்தித்தோம்.

பலநாள் படகு என்றால் காலையில் போய் மாலையில் வருகிற படகு இல்லை. ஐஸ் ஏற்றிக்கொண்டு, மூன்று நான்கு கிழமைகள், சில வேளை அதற்கு மேலும் கடலில் நிற்கும். அவர்கள் தேடிப் போவது சூரை வகைகளையும் வாள் மீனையும். சந்தையில் கெலவல்லா என்று விற்கிற மஞ்சள் செட்டைச் சூரைதான் அதில் முக்கியமானது. நல்ல மீன் ஏற்றுமதிக்குப் போகும். மிச்சம் ஊருக்கு வரும்.

2015ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. "அந்த வருசம் மீன் இருந்திச்சு, விலை இல்ல" என்றார். ஏன் என்று கேட்டோம். "ஐரோப்பாக்காரன் எங்கட கடதாசிய வேண்டாமெண்டுட்டான்."

இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் ஒப்படையை எழுதினோம். ஒப்படைக்கு வேண்டிய சொல்லளவு குறைவு. அங்கே அடங்காததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில், அவர் சொன்ன கடதாசி எது? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கடல்மீன் போவதற்கு இரண்டு விதமான அரச சான்று வேண்டும். ஒன்று சுகாதாரச் சான்றிதழ். இந்த மீன் சரியான குளிரில் வைக்கப்பட்டது, பழுதாகவில்லை, சாப்பிடலாம் என்று அது சொல்லும். மற்றது மீன்பிடிச் சான்றிதழ். எந்தப் படகு, எந்த உரிமத்தோடு, எந்தக் கடலில், எந்த நாளில், எவ்வளவு பிடித்தது என்று அது சொல்லும். சுருக்கமாகச் சொன்னால் முதலாவது, மீன் கெட்டுப்போனதில்லை என்கிற உறுதி. இரண்டாவது, மீன் களவெடுத்ததில்லை என்கிற உறுதி. இரண்டாவதில் கையெழுத்து வைக்க வேண்டியது படகு எந்த நாட்டுக் கொடியின் கீழ் பதியப்பட்டிருக்கிறதோ அந்த நாட்டு அரசு. எங்கள் விடயத்தில் அது கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம். ஆக, ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பெட்டி மீனோடும் இலங்கை அரசின் வாக்கு ஒன்றும் விமானம் ஏறுகிறது.

இப்படி ஒரு அரசு இறைச்சிக்கும் மீனுக்கும் வாக்குக் கொடுக்கிற பழக்கம் எப்போது வந்தது என்று தேடப்போய், நாங்கள் வந்து நின்ற இடம் பன்றி இறைச்சி.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஐக்கிய அமெரிக்கா ஐரோப்பாவுக்கு மலிவான பன்றி இறைச்சியை மலைமலையாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் டிரிக்கினெல்லா என்ற புழுவைப் பற்றிய பயமும் ஐரோப்பாவில் பரவியிருந்தது. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் இருந்து மனிதருக்குள் போய் தசைகளில் குடியேறுகிற புழு அது. 1865இல் ஜேர்மனியின் ஹெடர்ஸ்லெபன் என்ற சிற்றூரில் அதனால் நூறு பேரளவில் இறந்துபோனார்கள். 1879இல் இத்தாலி அமெரிக்கப் பன்றி இறைச்சியைத் தடைசெய்தது. 1881இல் பிரான்ஸ் தடைசெய்தது. ஜேர்மனி 1880இல் பாதிக் கதவையும் 1883இல் முழுக் கதவையும் சாத்தியது. புழுப் பயம் உண்மைதான். ஆனால் மலிவான அமெரிக்க இறைச்சியோடு போட்டிபோட முடியாத உள்ளூர்ப் பண்ணைக்காரரின் நெருக்குதலும் அதற்குப் பின்னால் இருந்தது. எது எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள்.

அமெரிக்க அரசு பத்து வருடமாக "எங்கட இறைச்சி நல்லது" என்று தூதுவர்கள் மூலம் சொல்லிக்கொண்டே இருந்தது. வாய்ப்பேச்சு எடுபடவில்லை. 1890 ஓகஸ்டில், ஏற்றுமதிக்கான உப்பிட்ட பன்றி இறைச்சியை அரசே பரிசோதித்துச் சான்று கொடுக்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. அது மேலோட்டமான பார்வைதான் என்பதால் 1891 மார்ச்சில் இன்னொரு சட்டம். அதோடு நுண்காட்டிப் பரிசோதனை தொடங்கியது. சிக்காகோவின் இறைச்சிக்கூடங்களில் இருந்து வரும் துணுக்குகளை வரிசையாக உட்கார்ந்து நுண்காட்டியில் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். 1891 செப்ரெம்பரில் ஜேர்மனி தடையை நீக்கியது. சீனிக்கான இறக்குமதி வரியில் ஜேர்மனிக்கு ஒரு சலுகை கிடைத்ததும் அந்தப் பேரத்தின் பகுதி. அந்த வருடம் முடிவதற்குள் பிரான்ஸ் உட்பட மற்றவையும் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன.

இங்கே எங்களை நிறுத்திய விடயம் ஒன்று இருக்கிறது. அந்த நுண்காட்டிப் பரிசோதனை ஏற்றுமதிக்குப் போகிற இறைச்சிக்கு மட்டும்தான். பெர்லினில் இருக்கிறவர் சாப்பிடுகிற துண்டை அமெரிக்க அரசு நுண்காட்டியில் பார்த்தது. சிக்காகோவில் அந்தக் கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற தொழிலாளி சாப்பிடுகிற துண்டை அப்படிப் பார்க்கவில்லை. உள்ளூர்ச் சனத்துக்கும் சேர்த்துப் பரந்த இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது 1906 ஜூனில். அதற்கும் அப்டன் சின்க்ளேர் "த ஜங்கிள்" நாவலை எழுதி, நாடே அருவருத்து எழும்ப வேண்டியிருந்தது. வாங்குகிறவன் கேட்டதும் கண்ணைத் திறந்த அரசு, சொந்தச் சனத்துக்காகத் திறக்க இன்னும் 15 வருடம் எடுத்தது.

சான்றிதழ் ஒருமுறை செல்லாக்காசானால் மீண்டும் செல்லுபடியாவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பிரித்தானியா நூறு வருடம் கழித்துக் கற்றுக்கொண்டது. மாட்டைத் தாக்கும் 'பைத்தியப் பசு' நோய் மனிதருக்கும் வரலாம் என்று 1996 மார்ச் 20ஆம் திகதி பிரித்தானிய அரசு பாராளுமன்றத்தில் ஒத்துக்கொண்டது. ஒரு கிழமைதான். மார்ச் 27ஆம் திகதி பிரித்தானிய மாட்டிறைச்சி உலகத்தில் எங்கேயும் போகக்கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் தடைவிதித்தது. அதற்கு முதல் வருடக்கணக்காக "எல்லாம் பாதுகாப்பு" என்று அமைச்சர்கள் சொல்லிவந்தார்கள். ஒருவர் 1990இல் கெமராவுக்கு முன்னால் தன் சின்ன மகளுக்கு பர்கர் நீட்டியும் காட்டினார். 1999 ஓகஸ்ட் 1ஆம் திகதி, குறிப்பிட்ட நாளுக்குப் பின் பிறந்த மாடு, இத்தனை மாத வயது, எலும்பு நீக்கிய இறைச்சி என்ற கட்டுப்பாடுகளோடு ஏற்றுமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆனாலும் பிரான்ஸ் ஏற்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் பிழை என்று தீர்ப்புச் சொல்லியும், 2002 ஒக்டோபர் வரைக்கும் பிரான்ஸின் கதவு சாத்தியபடிதான் இருந்தது. மிச்சக் கட்டுப்பாடுகளும் விலகியது 2006 மே மாதத்தில். கையெழுத்தை ஒரு நாளில் திருப்பி வாங்கலாம். அதை ஒருவர் நம்புவதற்கு பத்து வருடம் போகலாம்.

இனி எங்கட கதை.

2010 ஜனவரி 1ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோதமாக, அறிக்கையிடாமல், ஒழுங்குமுறையில்லாமல் பிடிக்கப்படும் மீனைத் தடுப்பது அதன் நோக்கம். மேலே சொன்ன மீன்பிடிச் சான்றிதழ் அதோடுதான் கட்டாயமானது. ஒரு நாடு தன் கொடியின் கீழ் ஓடும் படகுகளைச் சரியாகக் கட்டுப்படுத்தவில்லை என்றால் முதலில் எச்சரிக்கை, அதாவது மஞ்சள் அட்டை. திருந்தவில்லை என்றால் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டை கிடைத்தால் அந்த நாடு கையெழுத்திட்ட மீன்பிடிச் சான்றிதழ் எதுவும் செல்லாது.

2012 நவம்பரில் எட்டு நாடுகளுக்கு மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. பெலீஸ், கம்போடியா, பிஜி, கினி, பனாமா, டோகோ, வனுவாட்டு, கூடவே இலங்கை. குற்றச்சாட்டுகள் இட்டுக்கட்டியவை இல்லை. ஆழ்கடலுக்குப் போகும் எங்கட படகுகள் எங்கே நிற்கின்றன என்று கரையில் இருக்கிறவருக்குத் தெரியாது. பிடியைப் பதிகிற பழக்கம் மிகக் குறைவு. பிடிபட்டால் கட்டவேண்டிய தண்டமும் பிடித்த மீனின் பெறுமதியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. இந்து சமுத்திர சூரை ஆணைக்குழுவின் விதிகளில் இலங்கை கையெழுத்து வைத்திருந்தும், நாட்டுச் சட்டம் அதற்கு ஏற்ப மாறவில்லை. சாகோஸ் தீவுக் கடலிலும் வேறு நாட்டுக் கடல்களிலும் இலங்கைப் படகுகள் பிடிபடுகிற செய்தி அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடம் அவகாசம் இருந்தது. 2014 ஒக்டோபர் 14ஆம் திகதி ஐரோப்பிய ஆணையம் தன் முடிவை அறிவித்தது. பிஜி, பனாமா, டோகோ, வனுவாட்டு நாடுகள் திருந்திவிட்டன, எச்சரிக்கை வாபஸ். இலங்கைக்குச் சிவப்பு அட்டை. ஒரே நாளில், ஒரே அறிவிப்பில். கூடவே சோதனை எழுதிய நாலு பேர் பாஸ்பண்ண நாங்கள் பெயிலான கதை. அந்த நேரத்தில் ஐரோப்பாவுக்கு புதிய, குளிரூட்டிய சூரையும் வாள் மீனும் அனுப்புவதில் இலங்கை இரண்டாவது பெரிய நாடு. 2013இல் மட்டும் அதன் பெறுமதி 74 மில்லியன் யூரோ. 2015 ஜனவரி நடுப்பகுதியில் தடை நடைமுறைக்கு வந்தது. ஜனாதிபதித் தேர்தல் நடந்து ஆட்சி மாறி ஒரு கிழமைகூட ஆகவில்லை. பிழை விட்ட அரசு போய்விட்டது, தண்டனை புதிய அரசின் வாசலில் வந்து நின்றது.

இந்தத் தடையின் தன்மையைக் கவனியுங்கள். களவாக மீன் பிடித்த படகுக்கு மட்டும் தடை என்றில்லை. கொடிக்குத்தான் தடை. உரிமத்தோடு போய், எல்லை தாண்டாமல், ஒழுங்காகத் தூண்டில் போட்டு வந்த படகின் மீனுக்கும் அதே கதிதான். ஏனென்றால் அது ஒழுங்கான மீன் என்று சொல்ல வேண்டிய வாய்க்கே பெறுமதி போய்விட்டது. பண்ணையில் குஞ்சு விட்டு வளர்த்த இறாலுக்கும் அலங்கார மீனுக்கும் இந்தச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் அவை தப்பின. கடலுக்குப் போய் வந்தவன் மாட்டிக்கொண்டான்.

யாருக்கு இழப்பு என்று நண்பனின் அப்பா எங்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பயணம் முடிந்து மீன் விற்ற காசில் முதலில் டீசல், ஐஸ், இரை, சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் முதலாளிக்கு ஒரு பங்கு, படகில் போனவர்களுக்கு ஒரு பங்கு. மீன் விலை இறங்கினாலும் டீசல் விலை இறங்காது. ஆகவே விலை கொஞ்சம் விழுந்தாலே, கழித்து வருகிற மிச்சம் பாதியாகிவிடும். 74 மில்லியன் யூரோ என்பது கொழும்பில் ஒரு புள்ளிவிபரம். வாழைச்சேனையில் அது ஒரு மாதம் கடலில் கிடந்து வந்தவரின் பங்குக் காசு. சட்டம் எழுதாமல் விட்டவருக்கும் அந்தக் காசுக்கும் இடையில் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் கழிபட்டது அங்கேதான்.

பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலநாள் படகுகளுக்கு செய்மதி மூலம் இடத்தைக் காட்டும் கருவி பொருத்தப்பட்டது. பிடியைப் பதியும் லொக் புத்தகம் கட்டாயமானது. ஆழ்கடலுக்குத் தனி உரிமம் என்பது இறுக்கமானது. தண்டப்பணம் பெரிதாகக் கூட்டப்பட்டது. துறைமுகங்களில் சோதனை வந்தது. 2016 ஏப்ரல் 21ஆம் திகதி, இலங்கையைப் பட்டியலில் இருந்து எடுக்கலாம் என்று ஆணையம் முன்மொழிந்தது. ஜூனில் தடை நீங்கியது. ஏறக்குறைய 17 மாதம். இருந்தாலும் பழைய இலாபம் உடனே திரும்பவில்லை. மனித உரிமை உடன்படிக்கைகளை ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்ட ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை 2017 மே மாதத்தில்தான் மீண்டும் கிடைத்தது. மீன் ஒரு கதவைத் திறந்துகொண்டு போனால், வேறு காரணத்துக்காகச் சாத்திய இன்னொரு கதவு முன்னால் நின்றது.

இதை எழுதும்போது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "ஐரோப்பா யார் எங்களுக்கு அட்டை காட்ட?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஸ்பெயினினதும் பிரான்ஸினதும் பெரிய வளைப்புவலைக் கப்பல்கள் சீஷெல்ஸின் விக்டோரியா துறைமுகத்தைத் தளமாக வைத்து இதே இந்து சமுத்திரத்தில்தான் சூரை பிடிக்கின்றன. அதில் ஒரு கப்பல் ஒரு பயணத்தில் நூற்றுக்கணக்கான தொன் பிடிக்கும். எங்கட படகு ஒன்று அதோடு ஒப்பிட்டால் தோணிதான். வாங்குகிறவனும் அவனே, போட்டிக்கு மீன் பிடிக்கிறவனும் அவனே, தீர்ப்புச் சொல்கிறவனும் அவனே. 1880களின் ஜேர்மனிபோல இங்கேயும் உண்மையான பயமும் சொந்த இலாபமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கலாம்.

ஆனால் அதைச் சொல்லி எங்கட பக்கத்துப் பிழையை மூடவும் முடியாது. படகு எங்கே போனது என்று தெரியாமல் "ஒழுங்கான மீன்" என்று கையெழுத்து வைத்தால் அது பொய்ச்சாட்சி. இந்தக் கருவியும் லொக் புத்தகமும் நல்ல விடயங்கள்தான். இன்னும் முன்னமே வந்திருக்க வேண்டியவை. எங்கட கேள்வி வேறு: ஏன் வெளியில் இருந்து ஒருத்தன் கதவைச் சாத்தினால் மட்டும்தான் இந்த அரசுக்குக் கடல் தெரிகிறது?

வடக்கைப் பாருங்கள். கடலடியை வாரிக்கொண்டு போகிற இழுவைமடியால் வலையும் போச்சு, மீனும் போச்சு என்று யுத்தம் முடிந்த காலத்தில் இருந்தே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறு மீனவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் மட்டுமில்லை, உள்ளூர் இழுவைப்படகுகளும் அந்தக் கதையில் உண்டு. ஐரோப்பாவுக்காகச் சட்டமும் ஒழுங்குவிதியும் 17 மாதத்துக்குள் மாறின. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் நிறைவேறியது 2017 ஜூலையில். அதுவும் அரசாங்கம் கொண்டுவந்த சட்டமூலம் இல்லை, எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம். சட்டம் வந்த பிறகும் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லிப் போராட்டங்கள் நடந்தன. மன்னார் மீனவரிடம் காட்டுவதற்கு அட்டை இல்லை. அவர் யாருடைய சான்றிதழையும் வேண்டாமென்று திருப்பி அனுப்ப முடியாது.

எங்கட சாப்பாட்டுக் கோப்பையும் அப்படித்தான். ஏற்றுமதிக்குப் போகிற சூரையின் வெப்பநிலையை அளக்கிறார்கள், ஹிஸ்டமின் பார்க்கிறார்கள். அதே படகில் வந்த இன்னொரு சூரை சந்தையில் பலகைக்கு மேல் வெயிலில் கிடக்கும். அதைத்தான் எங்கட அம்மாக்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அமத்திப் பார்த்து வாங்குகிறார்கள். எங்களுக்கான சுகாதாரச் சான்றிதழ் அம்மாவின் விரல்தான். 1891இல் சிக்காகோ தொழிலாளிக்கு இருந்த நிலை இதைவிடப் பெரிதாக வித்தியாசப்படாது.

ஏற்றுமதிச் சான்றிதழின் வரலாற்றை அரசுகள் நம்பிக்கையின் வரலாறு என்று எழுதும். எங்களுக்கு அது அரசின் கண் எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்பதன் வரலாறாகத் தெரிகிறது. வாங்குகிறவன் சான்றைத் திருப்பி அனுப்பியதும் அரசு ஓடிப்போய்ப் பார்க்கும். சொந்தச் சனம் முறைப்பாடு சொன்னால் குறித்துக்கொள்ளும். 1891இல் இருந்து 1906க்குப் போக அமெரிக்காவுக்கு 15 வருடம் எடுத்தது. எங்களுக்குச் சிவப்பு அட்டை நீங்கியது 2016இல். எங்கட 1906 எப்ப வரும் என்று கேட்பது பேராசையாக எங்களுக்குப் படவில்லை.

துறைமுகத்தில் இருந்து வெளிக்கிட முதல் நண்பனின் அப்பா தன்னுடைய கொப்பி ஒன்றைக் காட்டினார். லொக் புத்தகம் வந்த புதிதில் அகலாங்கு நெட்டாங்கு எழுதிப் பழகிய கொப்பி. ஐம்பது வயதுக்குக் கிட்ட, மகன்ட பென்சிலை வாங்கி, பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். "முந்தி கடல் எண்டா கடல். இப்ப கடலுக்குள்ளயும் கோடு கிடக்கு மனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் தன்னுடைய பங்கைச் செய்து முடித்துவிட்டார். மீன் எங்கே பிடித்தது என்று இப்போது அவரால் எவருக்கும் எழுதிக் காட்ட முடியும்.

ஒப்படைக்கு அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தோம். சான்றிதழில் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் சான்றிதழ் மீண்டும் செல்லுபடியானதற்கு அதுவும் ஒரு காரணம்.